குழந்தையின் குறிப்பறிந்து பழக, பெற்றோருக்குத் துணை நிற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோருடன் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கான பக்கம் இது: வீடு தேடிச் செல்லும் சுகாதார ஊழியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், மழலையர் பள்ளி ஆசிரியர்கள், தன்னார்வலர்கள். பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது. பெற்றோர் படித்தாலும் நட்டமில்லை.

குறிப்பறிந்து பழகுவது என்றால் சரியாக என்ன?

குழந்தை எதையோ காட்டுகிறது. ஒரு பார்வை, ஒரு சத்தம், நீட்டிய கை, சுளித்த முகம். பெரியவர் அதைக் கவனிக்கிறார், என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறார், உடனே அதற்குப் பொருத்தமாக ஏதாவது செய்கிறார். மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் அவரவர் வீட்டிலேயே மணிக்கணக்கில் கவனித்து வகுத்த வரையறை ஏறத்தாழ இதுதான். கவனிப்பது, சரியாகப் புரிந்துகொள்வது, தாமதிக்காமல் பதில் கொடுப்பது, அந்தப் பதில் பொருத்தமாக இருப்பது. இந்த நான்கில் எது விடுபடுகிறது என்று பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு எங்கே உதவி தேவை என்பது பாதி விளங்கிவிடும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் இதைப் பந்து விளையாட்டாக விளக்குகிறது. குழந்தை பந்தை அடிக்கிறது, பெரியவர் திருப்பி அடிக்கிறார். இதில் எனக்குப் பிடித்தது, முதல் அடி குழந்தையுடையது என்பது. எட்டு மாதக் குழந்தை மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா அதன் முகத்துக்கு நேராகக் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குழந்தை அடித்த பந்து ஒரு பக்கம் கிடக்க, அவர் வேறு பந்தை எடுத்துப் போடுகிறார். "ஃபேன் சுத்துதா? காத்து வருது பாரு" என்று அவரும் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

இதெல்லாம் தாய்மாருக்கு இயல்பாகவே வருமே, பயிற்சி எதற்கு?

பலருக்கு வரும். அவர்களிடம் போய் எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வராத இடங்களில் பெரும்பாலும் காரணம் அன்புக் குறைவு அல்ல. "பேச ஆரம்பிக்காத குழந்தைக்கு என்ன புரியப்போகிறது" என்ற எண்ணம் இருக்கலாம். ஓய்வே இல்லாத உடம்பாக இருக்கலாம். தன்னிடம் யாரும் அப்படிப் பேசி வளர்க்கவில்லை என்பதாக இருக்கலாம். அல்லது குழந்தையின் குறிப்புகளே மங்கலாக இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சிலர் அப்படி.

குழந்தைகள் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் காட்டியது எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த அசைவற்ற முகச் சோதனை. அம்மா குழந்தையுடன் கொஞ்சி விளையாடுகிறார். பிறகு, சொல்லிவைத்தபடி சற்று நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டிப் பார்க்கிறது, சத்தம் கொடுத்துப் பார்க்கிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, சிணுங்குகிறது. இதன் வீடியோ எல்லோருக்கும் எளிதில் கிடைக்கிறது. என் கருத்து: பெற்றோருக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டாம். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியோடு இருக்கும் அம்மாவுக்கு அது இன்னொரு சுமை. நீங்கள் புரிந்துகொள்வதற்கு அது போதும்.

பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. அதிகம் பேசப்படுவது ஜமைக்கா ஆய்வு. 1980களில் கிங்ஸ்டன் நகரில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆய்வில் சேர்த்தார்கள். அப்போது அவர்களுக்கு 9 முதல் 24 மாத வயது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதார ஊழியர்கள் இரண்டு ஆண்டுகள் வாரா வாரம் சென்று, விளையாட்டின் வழியாகக் குழந்தையோடு எப்படிப் பழகுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, இந்த உதவி கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. 2014இல் வெளியான முடிவு இது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் இவ்வளவு நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் அரிது.

மூளையைப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, ஸ்கேனும் எடுத்து ஒப்பிட்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2018இல் வெளியிட்டது: குழந்தை காதில் எத்தனை சொற்கள் விழுந்தன என்பதைவிட, மாறி மாறி எத்தனை முறை பேசிக்கொண்டார்கள் என்பதே மூளையின் மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு நெருங்கிய தொடர்பு காட்டியது. "குழந்தையிடம் நிறையப் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது ஏன் போதாது என்பதற்கு இதுவே பதில்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட குழந்தைப் பராமரிப்புச் சட்டகத்தில் ஐந்து கூறுகள்: உடல்நலம், ஊட்டச்சத்து, பாதுகாப்பு, ஆரம்பக் கற்றல் வாய்ப்பு, இந்தக் குறிப்பறிந்த பராமரிப்பு. பிறந்து மூன்று வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இது கிடைக்க வேண்டும், அதற்குப் பெற்றோருக்கு உதவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

முதல் சந்திப்பில் என்ன செய்ய வேண்டும்?

குறைவாக. எதையும் கற்றுக்கொடுக்காமல் திரும்பி வந்தாலும் பரவாயில்லை.

குழந்தையைப் பற்றிக் கேளுங்கள். எது பிடிக்கும், எப்போது அழும், எப்படிச் சமாதானமாகும், யாரைக் கண்டால் துள்ளும். "உங்களுக்கு எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்ற கேள்வியும் உதவும். குளிப்பாட்டும் நேரம் என்று அவர் சொன்னால், அடுத்த சந்திப்பின் களம் அதுதான். நீங்கள் கொண்டுபோன திட்டத்தில் புத்தகம் வாசிப்பது முதலில் இருக்கலாம். அது காத்திருக்கட்டும்.

அப்புறம், வழக்கம்போல் இருவரும் ஒரு பத்து நிமிடம் இருக்கட்டும், நீங்கள் சும்மா பாருங்கள். கையில் குறிப்பேடும் பேனாவும் இருந்தால் வீடே தேர்வு அறையாகிவிடும். பையில் போட்டுவிடுங்கள்.

குழந்தையோடு நானே விளையாடிக் காட்டலாமா?

இதில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். குழந்தைகளோடு பழகத் தெரிந்ததால்தான் இந்த வேலைக்கே வந்திருப்போம். தரையில் உட்கார்ந்ததும் குழந்தை நம்மிடம் தவழ்ந்து வரும், நாமும் குஷியாகிவிடுவோம். அம்மா சுவரோரம் சாய்ந்து ரசித்துக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் இனிமையாகக் கழியும். அன்று அவர் கற்றது, "இவருக்கு வருகிறது, எனக்கு வராது" என்பது.

எனவே பொம்மை உங்கள் கைக்கு வந்தால் அடுத்த நொடி பெற்றோர் கைக்குப் போகட்டும். குழந்தை உங்களிடம் எதையாவது நீட்டினால், "அம்மாகிட்ட காட்டு" என்று திருப்பிவிடுங்கள். உட்காரும் இடம்கூட முக்கியம்: பெற்றோரும் குழந்தையும் நேருக்கு நேர், நீங்கள் சற்றுப் பின்னால் பக்கவாட்டில். செய்து காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அரை நிமிடம் செய்துவிட்டு, "இப்ப நீங்க ஒரு தடவை" என்று விட்டுவிடுங்கள்.

குழந்தையிடம் பெற்றோர் செய்ய வேண்டும் என்று நாம் விரும்புவதை, பெற்றோரிடம் நாம் செய்ய வேண்டும். அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது, காத்திருப்பது, அவர் தொடங்கியதைப் பிடித்துக்கொண்டு பேசுவது. இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவைதான்.

சரி, எதைச் சொல்ல வேண்டும்? எப்போது சொல்ல வேண்டும்?

நடக்கும்போதே, நடந்ததை.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டோசியர் உருவாக்கிய வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றில், பயிற்றுநர் நிமிடத்துக்கு ஒரு முறையாவது இப்படிச் சொல்ல வேண்டும் என்பது இலக்கு. கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வரிதான். பெற்றோர் செய்ததை அப்படியே சொல்வது, அது ஏன் நல்லது என்பது, அதனால் குழந்தை என்ன செய்தது அல்லது என்ன பெறும் என்பது. மூன்றும் ஒவ்வொரு முறையும் வர வேண்டியதில்லை. முதலாவது மட்டும் கட்டாயம்.

ஒன்பது மாதக் குழந்தை டப்பா மூடியைத் தரையில் தட்டுகிறது. அம்மா இன்னொரு மூடியை எடுத்துத் தட்டுகிறார். குழந்தை நிறுத்தி அவரைப் பார்க்கிறது. மறுபடி தட்டுகிறது. அம்மாவும் தட்டுகிறார். மொத்தம் ஏழெட்டு நொடி. இதற்குள், "அவ தட்டினா, நீங்களும் தட்டினீங்க. உடனே நிமிர்ந்து உங்களைப் பார்த்தா பாருங்க" என்று சொல்லிவிட வேண்டும். அரை மணி கழித்து, "இன்னிக்கு ரொம்ப நல்லா விளையாடினீங்க" என்றால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எதைத் திரும்பச் செய்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"சூப்பர்", "வெரிகுட்" போன்றவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடுகிற தொனி வந்துவிடும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதே பாராட்டுதான்.

தவறைச் சுட்டிக்காட்டவே கூடாதா?

ஆபத்து என்றால் உடனே சொல்லுங்கள். குழந்தையைப் பிடித்துக் குலுக்குவது, அடிப்பது, மூச்சுத்திணற வைக்கும் சிறு பொருளை எட்டும் இடத்தில் வைத்திருப்பது போன்றவற்றில் நாசூக்குக்கு இடமில்லை.

மற்றவற்றுக்குச் சுற்றுவழி நல்லது. குழந்தை முகத்தைத் திருப்புகிறது, அப்பா விடாமல் கிச்சுக்கிச்சு மூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நிறுத்துங்க, அவனுக்குப் பிடிக்கல" என்றால் அவர் சுருங்கிவிடுவார். "இப்ப அந்தப் பக்கம் திரும்பிட்டான். என்ன சொல்றான்னு தோணுது உங்களுக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் அவரே, "போதும்னு சொல்றானோ" என்பார். கொட்டாவி, விக்கல், முதுகை வில்லாக வளைப்பது, விரல்களை விரிப்பது, கண்ணைத் தவிர்ப்பது: சின்னக் குழந்தைகள் "கொஞ்சம் விடுங்க" என்று சொல்லும் வழிகள் இவை. ஒரு முறை அடையாளம் தெரிந்துவிட்டால் பெற்றோர் பிறகு எங்கும் அதைக் கவனிப்பார்கள்.

குழந்தையின் குரலில் நாமே பேசுவது இன்னொரு வழி. "அப்பா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்" என்று. சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் இதையே ஊசியாக்கிவிடாதீர்கள். "அம்மா என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க" என்று குழந்தைக் குரலில் குத்துவது, நேராகத் திட்டுவதைவிட மோசம்.

வீடியோ எடுத்துக் காட்டுவது உதவுமா?

மிகவும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான வீடியோ வழிப் பயிற்சி இதைத்தான் மையமாகக் கொண்டது. வீட்டில் சில நிமிடங்கள் பதிவு செய்கிறார்கள். பயிற்றுநர் முன்கூட்டியே பார்த்துத் துணுக்குகளைத் தேர்ந்துவைக்கிறார். அடுத்த முறை பெற்றோருடன் சேர்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். விளையாடும்போது கண்ணில் படாத அரை நொடிப் பார்வையெல்லாம் வீடியோவில் அகப்படும். "என்னைத் தேடுதா இது!" என்று ஓர் அம்மா தன் குழந்தையின் முகத்தைத் திரையில் பார்த்துச் சொல்லும்போது, நாம் பத்து முறை விளக்கியிருந்தாலும் அந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

செல்பேசியே போதும். மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சரியாக அமைந்த இடங்களையே முதலில் காட்டுங்கள். நூறு நொடியில் ஐந்து நொடிதான் தேறுகிறது என்றால் அந்த ஐந்து நொடியைக் காட்டுங்கள். அனுமதி கேட்டு எடுப்பது, யாருக்கும் அனுப்பாமல் இருப்பது, வேலை முடிந்ததும் அழிப்பதா வைத்துக்கொள்வதா என்று பெற்றோரிடமே கேட்பது ஆகியவை கட்டாயம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"காத்திருங்கள்" என்று சொல்கிறோம். எவ்வளவு நேரம்?

ஐந்து முதல் பத்து நொடி. சொல்வதற்குச் சின்னதாக இருக்கும், செய்து பார்த்தால் யுகமாக நீளும். சந்திப்பின்போது பெற்றோருடன் சேர்ந்து மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோர் இரண்டாவது நொடியிலேயே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார்கள், மௌனம் தாங்காது. காத்திருக்கும்போது முகம் குழந்தையைப் பார்த்து, எதிர்பார்ப்போடு, கொஞ்சம் முன்னே சாய்ந்து இருக்க வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது கணக்கில் வராது.

பெற்றோர் "இது என்ன? அது என்ன கலர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பரவாயில்லையா?

ஒன்றிரண்டு கேள்விகள் பரவாயில்லை. வரிசையாக வந்தால் விளையாட்டு வாய்மொழித் தேர்வாகிவிடும். 1970களில் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை உறவுச் சிகிச்சையில், குழந்தை வழிநடத்தும் விளையாட்டு நேரத்தில் கேள்வி, கட்டளை, குறைகூறல் மூன்றையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். பயிற்றுநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, பெற்றோரின் காதில் மாட்டிய கருவி வழியாக அவ்வப்போது சொல்லிக்கொடுப்பார்.

கேள்வியை நிறுத்தினால் என்ன பேசுவது என்று பெற்றோர் திகைப்பார்கள். பார்ப்பதைச் சொல்லலாம்: "சிவப்பு வண்டி மேல ஏறுது." குழந்தை சொன்னதில் ஒரு சொல் கூட்டலாம்: அது "நாய்" என்றால் "பெரிய நாய்". அது எழுப்பும் சத்தத்தை அப்படியே திருப்பி எழுப்பலாம்.

குரலை உயர்த்தி இழுத்துக் கொஞ்சிப் பேசுவதும் நல்லதே. "பெரியவர்களிடம் பேசுவதுபோலப் பேசினால்தான் மொழி வரும்" என்று சிலர் தடுப்பார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. குழந்தைக்கு 6, 10, 14 மாதம் ஆகும்போது பெற்றோருக்கு இந்த விதமாகப் பேசப் பயிற்சி கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 18ஆவது மாதத்தில் அந்தக் குழந்தைகளின் சொல்வளம் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. சொற்களைச் சிதைத்துப் பேச வேண்டும் என்பதில்லை. இழுவையும் ஏற்ற இறக்கமும்தான் விஷயம்.

அழும்போதெல்லாம் ஓடினால் குழந்தை கெட்டுப்போகாதா?

வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் கேட்பது. எயின்ஸ்வொர்த்தும் சில்வியா பெல்லும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே பதில் கிடைத்த குழந்தைகள் ஓராண்டு முடிவில் குறைவாகவே அழுதார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லாம் இதே முடிவு கிடைத்துவிடவில்லை. ஆனாலும் சில மாதக் குழந்தையை அழவிட்டுப் பழக்கினால் அதற்கு ஒழுக்கம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இரண்டு வயதுக்கு மேல் கேள்வி வேறு. பதில் கொடுப்பதும் கேட்டதைக் கொடுப்பதும் ஒன்றல்ல. கத்திரிக்கோல் வேண்டும் என்று புரண்டு அழும் குழந்தையிடம், "அது வேணும்னு ஆசையா இருக்கு, இல்ல? கை வெட்டும், தர முடியாது" என்று சொல்லிப் பக்கத்திலேயே இருப்பதும் குறிப்பறிந்த பதில்தான். அழுகை உடனே நிற்காது. நிற்கும் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

எப்போதும் கவனமாகவே இருக்க முடியாதே?

முடியாது, வேண்டியதும் இல்லை. ட்ரோனிக்கின் மதிப்பீட்டின்படி, நன்றாகப் பழகும் தாயும் குழந்தையும்கூட முகம் பார்த்து விளையாடும் நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான் ஒத்திசைவாக இருக்கிறார்கள். மிச்ச நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி பிடிப்பதுமாகப் போகிறது. அந்த மறுபடி பிடித்தலில்தான் குழந்தை நிறையக் கற்கிறது. தன்னையே நொந்துகொள்ளும் பெற்றோரிடம் இந்த எண்ணைத் தயங்காமல் சொல்லுங்கள். சிலர் அப்போதுதான் மூச்சு விடுவார்கள்.

"எங்களுக்கு நேரமே இல்லை" என்கிறார்களே?

உண்மையாகத்தான் சொல்கிறார்கள். தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் நடக்காது. ஏற்கெனவே நடக்கிற வேலைக்குள் நுழைத்துவிடுங்கள். டயபர் மாற்றும்போது குழந்தையின் முகம் அம்மாவின் முகத்துக்கு நேராக, ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. இதைவிட வசதியான இடம் கிடையாது. "காலைத் தூக்கு" என்று சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருந்தால் சில மாதங்களில் குழந்தை தானே காலைத் தூக்கும். சட்டை மாட்டும்போது, துணி மடிக்கும்போது, சோறு ஊட்டும்போது என்று பெற்றோரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒன்று போதும்.

வீட்டில் எப்போதும் போன் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன சொல்வது?

முதல் நாளே சொல்லாதீர்கள். போன் பெரும்பாலும் அந்த வீட்டில் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்: சமைக்கும் நேரம் குழந்தையை உட்கார வைப்பது, ஊட்டுவது. அந்த வேலைக்கு வேறு வழி கண்டுபிடிக்காமல் போனை மட்டும் எடுக்கச் சொன்னால் தலையாட்டுவார்கள், நீங்கள் போனதும் போடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு: இரண்டு வயது வரை திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கேட்டால் சொல்லுங்கள். பெரியவர்களின் போனும் கணக்கில் உண்டு என்பதை நாம் சொல்வதைவிட, வீடியோவில் அவர்களே பார்ப்பது நல்லது.

அப்பாவும் தாத்தா பாட்டியும்?

யார் நிறைய நேரம் குழந்தையுடன் இருக்கிறாரோ அவருக்கே முதல் பயிற்சி, அது பாட்டியாக இருந்தால் பாட்டிக்கு. அம்மாவுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர் அதைப் போய் மாமியாருக்குச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தால் வீட்டில் புதிதாக ஒரு சண்டையை மூட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்று அர்த்தம். பெரியவர்களிடம், "நீங்க இவங்களை வளர்த்தப்போ எப்படிக் கொஞ்சுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தாலாட்டு, விரல் விளையாட்டு எல்லாம் வெளியே வரும். எல்லாமே மாறி மாறிப் பழகும் பழக்கங்கள்தான்.

அப்பாக்கள் சந்திப்பில் ஒதுங்கி நிற்பதற்கு நம் நேரமும் ஒரு காரணம். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலேயே எப்போதும் போனால் எப்படிச் சந்திப்பது?

அம்மா மிகவும் சோர்ந்திருக்கிறார், எதிலும் ஈடுபாடு இல்லை. தொடரலாமா?

முதலில் அவரை, பிறகுதான் பயிற்சியை. பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு பரவலானது, சிகிச்சையால் சரியாகக்கூடியது. அதைக் கண்டறிய 1987 முதல் பயன்பாட்டில் உள்ள எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலில் பத்தே கேள்விகள். அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றிருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால், "தூக்கம் வருதா? எதிலயாவது மனசு போகுதா?" என்று கேட்டுவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் அன்றைக்கே உதவி தேவை. அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள்.

சிகிச்சையோடு சேர்த்துப் பழகும் பயிற்சியும் நடக்கலாம். இலக்கை மட்டும் சிறியதாக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை குழந்தையின் சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்வது போதும். குழந்தை அதற்குச் சிரித்தால், அந்தச் சிரிப்பைக் காட்டித் தாருங்கள். அவர் கண்ணில் அது படாமல் போயிருக்கலாம்.

பெற்றோர் நன்றாகவே செய்கிறார்கள், குழந்தைதான் பதில் கொடுப்பதில்லை. இப்போது?

காதைச் சோதிக்க அனுப்புங்கள், அது முதல் வேலை. 12 மாதம் ஆகியும் மழலை ஒலியோ சுட்டிக்காட்டுதல், டாட்டா காட்டுதல் போன்ற சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலானாலும் வந்த பேச்சோ பழக்கமோ மறைந்துவிட்டது என்றால் குழந்தை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்ச நாள் பழகிப் பார்க்கலாம்" என்று நம் பயிற்சியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு மாதங்களைப் பிறந்த தேதியிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிடுவார்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும் இந்த வகைப் பயிற்சி பயன்படுகிறது. இங்கிலாந்தில் 152 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2010இல் முடிவு வெளியான ஒரு முறையை, நிபுணர் அல்லாத ஊழியர்களைக் கொண்டே செய்யும்படி மாற்றி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் சோதித்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பழகுவதும், குழந்தை தானே தொடங்கிப் பழகுவதும் கூடியதாக 2016இல் முடிவு வந்தது. இந்தப் பெற்றோரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் சரியாகப் பழகாததால் ஆட்டிசம் வரவில்லை. ஒரு காலத்தில் நிபுணர்களே தாயின் பாசக் குறைவால்தான் வருகிறது என்று சொல்லித் திரிந்தார்கள், அது எப்போதோ தள்ளப்பட்ட கருத்து. ஆனாலும் அந்தப் பழி இன்னமும் வீட்டுக்கு வீடு காதில் விழுகிறது.

எந்த மொழியில் பேசுவது?

பெற்றோருக்குக் கொஞ்ச, கோபிக்க, கதை சொல்ல எது தடையின்றி வருமோ அதில். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது.

நிறைய பொம்மைகள் வேண்டுமா?

வேண்டாம். மூடி, கரண்டி, காலி டப்பா, துணி போதும். தானே பாடி தானே பேசும் பொம்மை இருந்தால் பெற்றோர் வாயை மூடிக்கொள்வார்கள், அது ஒன்றுதான் அதில் தொல்லை.

எத்தனை சந்திப்புகள் தேவை?

நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 70 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் சொன்னது பலருக்கு வியப்பாக இருந்தது: நீண்டுகொண்டே போகும் திட்டங்களைவிட, சந்திப்புகள் அளவோடு அமைந்து, பெற்றோரின் நடத்தை ஒன்றிலேயே கண்ணாக இருந்த திட்டங்களே தாயின் குறிப்பறியும் திறனை அதிகம் கூட்டின. டோசியரின் திட்டம் பத்து சந்திப்புகள் கொண்டது. ஜமைக்காவில் இரண்டு ஆண்டுகள் ஆயின, ஆனால் அங்கே குழந்தையின் மொத்த வளர்ச்சியும் இலக்கு. ஆறு முதல் பத்து சந்திப்புகளில் ஓரிரு விஷயங்கள் பிடிபட்டால் அது நல்ல வேலை. ஒரே சந்திப்பில் பன்னிரண்டு குறிப்புகள் அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டு வருவது வேலையே இல்லை.

பலன் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது?

இரண்டு வீடியோக்களை, முதல் வாரத்தினதையும் கடைசி வாரத்தினதையும் எடுத்துக்கொண்டு, மாறி மாறி எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். முன்பு குழந்தையின் சத்தம், அம்மாவின் பதில் என்று ஒரே சுற்றில் நின்றது இப்போது நான்கைந்து சுற்று போகும். அதைவிட நான் நம்பும் அடையாளம் பெற்றோரின் பேச்சு. "சொன்னா கேட்க மாட்டேங்குது" என்று தொடங்கியவர், "நேத்து அது ஜன்னலையே பார்த்துட்டு இருந்துச்சு, என்னன்னு பார்த்தா அணில்" என்று தானாகச் சொல்ல ஆரம்பிப்பார்.

பெற்றோர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டால்?

ஒரு முறை கூப்பிடுங்கள். "ஏன் வரல" என்று ஆரம்பிக்காமல், "போன தடவை பாப்பா மூடியைத் தட்டிட்டு உங்களைப் பார்த்தாளே, இப்பவும் தட்டுறாளா?" என்று கேளுங்கள். சிலர் வீடு மாறியிருப்பார்கள், சிலருக்கு வேலை நேரம் மாறியிருக்கும், சிலருக்கு நாம் பேசியது ஏதோ புண்பட்டிருக்கும். கடைசிக் காரணத்தை யாரும் நேரில் சொல்லமாட்டார்கள். வேறு ஒருவரை அனுப்பட்டுமா என்று நீங்களே கேட்டால் சொல்வார்கள்.